அரக்கு மாளிகைக்கு வெள்ளை அடிக்கிறார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் வெள்ளைப் பெயிண்டுக்கும் எந்த வாய்க்கால் தகராறும் இல்லை. வெள்ளைச் சுவர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சிலர் அடிக்கிறார்கள். பார்த்த பிறகும் சிலர் அடிக்கிறார்கள். என் கோபம் அவர்கள் மேல்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவில் ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை, குளிக்குமிடம் எல்லாம் உள்ளேயே உண்டு. தானே ஓடுகிற ரகம் மோட்டார்ஹோம். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற ரகம் டிராவல் ட்ரெய்லர். நான் படிக்கும் இண்டியானா மாநிலம்தான் இவற்றுக்குப் பிறந்த வீடு. வடக்கே எல்க்ஹார்ட் என்று ஓர் ஊர், 'உலகத்தின் ஆர்.வி. தலைநகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். அது வெறும் ஜம்பமும் இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஆர்.வி.க்களில் பெரும்பகுதி அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில்தான் தயாராகிறது.

இந்த வண்டிகளின் உள்சுவர் பெரும்பாலும் கம்பெனியிலேயே வால்பேப்பர் போர்த்தி வரும். அதன் அழகைப் பற்றி என்ன சொல்ல! 1990களின் வண்டி என்றால் கத்திரிப்பூ நிறத்தில் பூக்கொடி பார்டர். 2000க்குப் பிறகு வந்தது என்றால் பழுப்பு, அதன் மேல் இன்னும் கொஞ்சம் பழுப்பு. ஆறிப்போன டீக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அதனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் தேடி ஓடுவது பெயிண்ட் கடையைத்தான். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம், இரண்டு நாள் வேலை, வெள்ளைச் சுவர், ஒரு தொட்டிச் செடி, சின்னச் சின்ன விளக்குச் சரம். முடிந்தது புதுப்பிப்பு! பார்க்கிற நமக்கும் கை பரபரக்கும்.

எனக்கும் அப்படித்தான் பரபரத்தது. எங்கள் அண்ணன் ஒருவர் ட்ரெய்லர் வாங்கும் வரைக்கும்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் துறையில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இங்கேயே வேலைக்குப் போன சீனியர். திருநெல்வேலிக்காரர். பண்டிகை நாள் என்றால் மாணவர்களுக்கு எல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. "ஒவ்வொரு தடவையும் ஓட்டலுக்கு அழுறதுக்கு ஒரு ட்ரெய்லரை வாங்கிப் போட்டா, புள்ளயையும் கூட்டிட்டு நேஷனல் பார்க் பூராவும் பாத்துரலாம்லடே" என்று இரண்டு வருடம் காசு சேர்த்தார். பன்னிரண்டாயிரம் டாலரில் ஒன்று அமைந்தது. தனியார் ஒருவர் விற்றது. உள்ளே நுழைந்தால் பளீரென்று வெள்ளை. புதுப் பெயிண்ட் வாசனை. பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். "அண்ணே, சூப்பரா இருக்குண்ணே, முடிச்சிருங்க" என்று சொன்ன புண்ணியவான் அடியேன்தான்.

ஏப்ரல் மழை வந்தது. கட்டிலுக்குப் பின்னால் மூலையில் பெயிண்ட் வடை அளவுக்கு உப்பியது. அண்ணி விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

பழுதுபார்ப்பவர் வந்து அந்த இடத்தில் கத்தியை வைத்தார். பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய வால்பேப்பர். அதில் பழுப்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. ஒவ்வொரு மழைக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ரோஸ் நிறக் கறை. அதற்கும் உள்ளே ப்ளைவுட் கறுத்து, சட்டத்து ரீப்பர் கட்டை புட்டு மாதிரி உதிர்ந்தது. ஜன்னலில் தொடங்கித் தரை வரைக்கும் அதே கதை. சரிசெய்ய அவர் சொன்ன தொகை, வண்டி வாங்கிய விலையை விட அதிகம். விற்றவர் போனை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளில் 'இருக்கிற நிலையில்' என்று ஒரு வரி இருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். ஒரு பூங்காவைக்கூட அந்த வண்டி பார்க்கவில்லை.

அண்ணி சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "சுவர்ல ஈரம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வாங்கியிருக்க மாட்டோம் தம்பி. அந்தக் கறை அப்படியே தெரிஞ்சிருந்தாக்கூடப் போதும், கேட்டிருப்போம்ல."

கறை தெரிந்திருந்தால் போதும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது அந்த ஒரு வரியைத்தான்.

ஆர்.வி. சுவர் நம் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. செங்கல் கிடையாது, சிமெண்ட் கிடையாது. வெளியே ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு. நடுவில் மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ, இடைவெளியில் தெர்மாகோல் மாதிரி நுரைப் பலகையோ பஞ்சோ. உள்பக்கம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மெல்லிய ப்ளைவுட். லுவான் என்பார்கள். அதன் முகத்தில் வினைல் படலம் ஒட்டி, மேலே டிசைன் அச்சடித்திருக்கும். அதைத்தான் நாம் வால்பேப்பர் என்கிறோம். வீட்டு வால்பேப்பர் மாதிரி தண்ணீர் தெளித்து உரிக்க முடியாது. உரித்தால் ப்ளைவுட்டின் முகமும் சேர்ந்து வந்துவிடும். அதனால்தான் எல்லோரும் அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள்.

இந்தச் சுவருக்கு ஒரே எதிரி தண்ணீர். கூரையில் காற்றுப்போக்கிக்கு ஓட்டை, குழாய்க்கு ஓட்டை, ஏசிக்கு ஓட்டை. பக்கங்களில் ஜன்னல், கதவு, விளக்கு. ஒவ்வோர் ஓட்டையையும் சுற்றி சீலன்ட் பூசி அடைத்திருப்பார்கள். வண்டியோ நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டே ஓடுகிறது. வெயிலில் விரிகிறது, பனியில் சுருங்குகிறது. சீலன்ட் வெடிக்காமல் என்ன செய்யும்? அதனால்தான் பல கம்பெனிகளின் கையேடே 90 நாளைக்கு ஒருமுறை கூரையையும் சீலன்டையும் பாருங்கள் என்று சொல்கிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கார் டயருக்குக் காற்றே மாதக்கணக்கில் பார்க்காத ஜாதி நாம்!

தண்ணீர் உள்ளே போனால் வெளியிலிருந்து தெரியாது. ஃபைபர்கிளாஸ் உப்பும் அளவுக்கு வந்தால் காரியம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். அதற்கு வெகு முன்னால் நமக்குச் செய்தி சொல்வது அந்த அசிங்கமான பழுப்பு வால்பேப்பர்தான். மூலையில் சுருங்கும், குமிழி விடும், பழுப்பு வளையம் காட்டும். பூஞ்சை பிடித்தால் வினைலில் ரோஸ் கறை ஏறும். எந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதைக்கூட கறையின் உருவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் வேலை தெரிந்தவர்கள்.

ஆக, வால்பேப்பர் அலங்காரம் மட்டுமில்லை. அந்தச் சுவருக்கு உள்ளே நடப்பதைப் பார்த்த ஒரே சாட்சி. பெயிண்ட் அடிக்கிறவர், விசாரிக்காமலே சாட்சியின் வாயைக் கட்டுகிறார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வினைல் வழுவழுப்பானது, பெயிண்ட் அதில் நேரடியாகப் பிடிக்காது. முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். லேசாக உப்புத்தாள் போட வேண்டும். பிறகு பிடிப்புக்கென்று ஒரு பிரைமர். அதற்கு மேல்தான் பெயிண்ட். அந்த பிரைமரில் பலரும் தேடி வாங்குவது ஷெல்லாக் கலந்தது. ஷெல்லாக் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர் அரக்குதான்! அந்த டப்பா எதற்கென்று விற்கிறார்கள் தெரியுமா? பிடிப்புக்கு மட்டுமில்லை, தண்ணீர்க் கறை மேலே கசிந்து தெரியாமல் அமுக்குவதற்கும்தான். ஒரே டப்பாவில் இரண்டு வேலை!

மகாபாரதத்து அரக்கு மாளிகை ஞாபகம் வருகிறதா? பாண்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. பார்க்க அரண்மனை, சுவருக்குள் அரக்கும் நெய்யும். தருமர் எப்படிக் கண்டுபிடித்தார்? சுவரிலிருந்து வந்த வாசனையை வைத்து. இன்றைக்குப் பழைய ட்ரெய்லர் வாங்கப் போகிறவருக்கும் மூக்குதான் கடைசித் துணை. அதையும் புதுப் பெயிண்ட் நெடி அடைத்துவிடுகிறது.

இனி எதிர்த்தரப்பு வாதங்கள். எல்லாவற்றையும் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டாயிற்று.

"பெயிண்ட் அடிப்பதால்தான் சுவர் உளுத்ததா?" இல்லை. நியாயமாகப் பேசுவோம். வினைலே ஈரத்தை உள்பக்கம் விடாது. அதன் மேல் பெயிண்ட் ஏறினால் உளுப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. முன்பு தெரிந்தது இப்போது தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் எங்கள் அண்ணனின் பன்னிரண்டாயிரம் டாலர் போனது. ஒரு மூலையில் கறை தெரிந்த அன்றே கூரையில் ஏறிப் பார்த்தால் ஒரு டியூப் சீலன்டோடு செலவு முடியும். இரண்டு வருடம் தெரியாமலே இருந்தால் சுவரையே மாற்ற வேண்டும்.

"பெயிண்ட் நிற்காது, எடை கூடும் என்றெல்லாம் பயமுறுத்துகிறார்களே?" அதுவும் மிகை. ஒழுங்காகத் துடைத்து, தேய்த்து, நல்ல பிரைமர் போட்டு, இறுகுவதற்கு நாள் கொடுத்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஒரு கேலன் பெயிண்ட் காய்ந்த பிறகு இரண்டு, மூன்று கிலோ தேறும். அதனால் வண்டி ஒன்றும் குடை சாயாது. தப்பான காரணம் சொல்லி எதிர்க்க எனக்கு இஷ்டமில்லை. சரியான காரணமே போதுமான அளவுக்கு இருக்கிறது.

"என் வண்டி, என் சுவர், என் இஷ்டம்!" சரிதான். நீங்களே வைத்துக்கொண்டு நீங்களே உள்ளே படுப்பதாக இருந்தால் உங்கள் இஷ்டம். ஆனால் இந்த வண்டிகள் ஒரே கையில் நிற்பவை இல்லை. மூன்று, நான்கு கை மாறுபவை. பல மாநிலங்களில் வீடு விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்.வி. வீடு மாதிரி இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது வண்டி. வீட்டுக்கு உள்ள அந்தப் படிவம் இதற்கு இல்லை. ஏமாந்தவர் வழக்குப் போடலாம்தான். ஆனால் விற்றவருக்கு முன்பே தெரியும் என்று எதை வைத்து நிரூபிப்பது? நிரூபிக்க இருந்த சாட்சிக்கும் இரண்டு கோட்டிங் போட்டாயிற்றே!

"அசிங்கமான வால்பேப்பரோடு விற்றால் யார் வாங்குவார்கள்?" இங்கேதான் நாமும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது. கறை தெரிகிற நேர்மையான வண்டியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். வெள்ளை அடித்த வண்டிக்குக் கூடவே கொடுக்கிறோம். நான் "முடிச்சிருங்கண்ணே" என்று சொன்னது சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டா? தொட்டிச் செடியைப் பார்த்துவிட்டுத்தான்.

சுவருக்குள் இருப்பதை மறைத்து ட்ரெய்லரைக் கைமாற்றுவது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப் போட்டது. வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ட்ரெய்லர்களையும் நடமாடும் வீடுகளையும் வாங்கிக் கொடுத்தது. குடியேறியவர்களுக்குக் கண் எரிச்சல், இருமல், தலைவலி. காரணம் ப்ளைவுட்டையும் துகள் பலகையையும் ஒட்டும் பசையிலிருந்து வந்த ஃபார்மால்டிஹைடு. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளைச் சோதித்தது. 2008 பிப்ரவரியில் முடிவு வந்தது. சராசரி 100 கோடிக்கு 77 பங்கு, சாதாரண வீட்டுக் காற்றை விடப் பல மடங்கு. 2012இல் வழக்கு 4.26 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இதற்கு நடுவே நடந்ததுதான் நம் கதைக்கு வேண்டியது. 2010 வாக்கில் அந்த வண்டிகளை அரசாங்கம் ஏலம் விட்டது. 'இது குடியிருக்க அல்ல' என்று ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் விட்டது. அதே கோடையில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு. சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் தங்கிய இடங்களில் பார்த்தால் இதே ட்ரெய்லர்கள். பலவற்றில் அந்த ஸ்டிக்கரைக் காணோம்! ஒரு ஸ்டிக்கரைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வால்பேப்பரின் கறையும் ஒரு ஸ்டிக்கர்தான். சுவர் தானே எழுதி ஒட்டிக்கொண்டது. பெயிண்ட் பிரஷ் செய்வதும் அந்தக் கிழிக்கிற வேலையைத்தான்.

இதை ஏன் இப்போது இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன்? கொரோனா காலத்தில் அமெரிக்கர்கள் ஓட்டலுக்கும் விமானத்துக்கும் பயந்து ஆர்.வி. வாங்கிக் குவித்தார்கள். 2021இல் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் தொழிற்சாலையிலிருந்து வெளியே போயின. அதுவரை காணாத எண்ணிக்கை. 2023இல் அது 3.13 லட்சமாக இறங்கிவிட்டது. அன்றைக்கு அவசரத்தில் வாங்கியவர்கள் பலர் இன்றைக்குக் கைமாற்றுகிறார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் அதில் குடியேறுகிறவர்களும், ஓய்வுக்காலச் சேமிப்பை அதில் போடுகிறவர்களும் உண்டு. கையில் காசு குறைந்தவர்கள்தான் பழைய வண்டி பக்கம் வருகிறார்கள். ஏமாந்தால் அவர்களுக்கு இன்னொரு வீடு கிடையாது.

சரி, பெயிண்டே அடிக்கக் கூடாதா? தாராளமாக அடிக்கலாம். நான் கேட்பது நான்கே நான்கு.

ஒன்று. பிரஷைத் தொடுவதற்கு முன் ஈரமானி ஒன்று வாங்குங்கள். முப்பது, நாற்பது டாலர்தான். ஜன்னலின் கீழ் மூலைகள், கூரையும் சுவரும் சேரும் இடம், கட்டிலுக்குப் பின்புறம், அலமாரிக்குள் எல்லாம் வைத்துப் பாருங்கள். மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டுக் கூரைக்கு ஏறுங்கள்.

இரண்டு. அடிப்பதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு கறையையும் படம் எடுங்கள். விற்கும்போது அந்தப் படங்களை வாங்குகிறவர் கையில் கொடுங்கள். உங்களை நம்பி அவர் கூடக் காசு கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

மூன்று. அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் அடிக்காமல் விடுங்கள். பேசுவதற்கு சாட்சிக்கு ஒரு ஜன்னலாவது இருக்கட்டும்.

நான்கு, வாங்குகிறவர்களுக்கு. வெள்ளை அடித்த வண்டி என்றால் 'பெயிண்டுக்கு முந்தைய படம் எங்கே?' என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். படம் இல்லையா? அலமாரிக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அவசரக்காரர்கள் அங்கே பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். மூலைகளை உள்ளங்கையால் அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் ஆர்.வி. பரிசோதகர் ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். செடியைப் பார்க்காதீர்கள் ஐயா, செடியைப் பார்க்காதீர்கள்!

எங்கள் ஊரில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் தாத்தா சுவரைச் சுரண்டச் சொல்வார். சுரண்டும்போதுதான் எங்கே காரை பெயர்ந்திருக்கிறது, எங்கே ஓதம் ஏறியிருக்கிறது என்று தெரியும். முதலில் அதைப் பூசிவிட்டுத்தான் வெள்ளை. வெள்ளை அடிப்பது எதையும் மறைக்க இல்லை, வருடத்துக்கு ஒருமுறை சுவரைப் பார்ப்பதற்கு என்பது அவர் கணக்கு.

அண்ணன் இப்போது இன்னொரு ட்ரெய்லர் தேடிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒன்றைப் பார்க்கப் போனோம். உள்ளே பழுப்பு வால்பேப்பர், சகிக்கவில்லை. ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்குக் கறை. விற்கும் பெரியவர் தாமே அதைக் காட்டி, கூரையில் எந்த இடம், எந்த வருடம் சரிசெய்தது என்று சொல்லி ரசீதையும் எடுத்துக் காட்டினார். ஈரமானியை வைத்துப் பார்த்தோம். காய்ந்திருந்தது.

அண்ணி வால்பேப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.